எஞ்சினின் ஆயுள் உங்கள் கையில்
உழவு இயந்திரத்தையும் நீர்ப்பம்பியையும் பேணும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. பெரும்போக வேளாண்மையின் உழவும் விதைப்பும் இம்மழையை ஒட்டியே நடைபெற வேண்டும். மண்ணின் ஈரம் உழவுக்கு ஏற்றதாய் நிற்கும் நாட்கள் சிலவே. அச் சில நாட்களில் உழவு இயந்திரம் ஓடாது நின்றால், விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் விளைச்சல் குறையும். அவ்வாறே, நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர ஊர்களில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மரக்கறியும் செய்வோருக்கு, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர்ப்பம்பி மூன்று நாள் நின்றாற் போதும்; பயிர் வாடிவிடும். ஆகையால் எஞ்சினைப் பேணுதல் என்பது இயந்திரத்தைப் பற்றிய காரியம் மட்டுமன்று. பயிரைப் பற்றிய காரியமுமாகும்.

ஒரே ஆண்டில், ஒரே வகையான இரு சில்லு உழவு இயந்திரத்தை இருவர் வாங்கினர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய எஞ்சின் நாலாம் ஆண்டிலேயே புகை கக்கி, வலு இழந்து, திருத்துமிடத்துக்குப் போகின்றது. மற்றவருடையது பல ஆண்டுகள் கழிந்தும் முதல் இழுப்பிலேயே ஓடத் தொடங்குகின்றது. இத்தகைய இருவரை எவ்வூரிலும் காணலாம். வேறுபாடு இயந்திரத்தில் இல்லை. நாள்தோறும் அதற்குச் செலவிடும் பத்து நிமிடத்தில் இருக்கின்றது. எஞ்சின் முதுமையினால் கெடுவது அரிது. புழுதி, அழுக்கு ஒயில், மிகுந்த சூடு, நீர் கலந்த எரிபொருள் என்னும் நான்குமே பெரும்பாலும் அதனைக் கெடுக்கின்றன. இந்நான்கையும் தடுக்க வல்லவர் இயந்திரத்தின் சொந்தக்காரரே.

1. எஞ்சின் தேய்வது எவ்வாறு?

சிலிண்டர் என்பது ஓர் உலோகக் குழாய். அதனுள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகின்றது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், அதாவது ரிங்குகள், சிலிண்டர்ச் சுவரை ஒட்டியவாறு இயங்கி, வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாதவாறு காக்கின்றன. நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும் எஞ்சினில் பிஸ்டன் நிமிடத்துக்கு 4,000 தடவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். எட்டு மணி நேர வேலையில் இது 19 இலட்சத்து 20 ஆயிரம் தடவையாகும். இத்தனை உராய்வையும் தாங்கி நிற்பது ரிங்குக்கும் சுவருக்கும் இடையே படரும் மெல்லிய ஒயிற் படலம் ஒன்றே. அப்படலம் தூய்மையாய் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. அதனுள் மணற்றுகள் புகுந்தால், ஒவ்வொரு ஓட்டத்திலும் அரத்தைக் கொண்டு தேய்ப்பது போலச் சிலிண்டர் தேயும்.

வரம்பிலே நண்டு வளை ஒன்று விழுந்தால் நீங்கள் அன்றே மண் இட்டு மிதிப்பீர்கள். நாளைக்கு என்று விட்டால், வயலின் நீர் முழுவதும் அவ்வழியே போய்விடும் என்பதை அறிவீர்கள். எஞ்சினிலும் அவ்வாறே. சிறு குறையை அன்றே நீக்குவது எளிது; அது பெரிதான பின் நீக்குவது அரிது.

2. காற்று

எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்பதில்லை. காற்றை அதனினும் மிகுதியாக உட்கொள்ளுகின்றது. அரை லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டர், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, மணிக்கு ஏறத்தாழ 30,000 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும். 200 லீற்றர் பீப்பாவால் அளந்தால் இது 150 பீப்பாவாகும். மழைக்கு முன் நடைபெறும் புழுதி உழவின்போதும், சூடடிக்கும்போதும் இக்காற்று முழுவதும் மண்ணும் பதரும் கலந்ததாய் இருக்கின்றது. இதனைத் தடுத்து நிறுத்துவது காற்று வடிகட்டி ஒன்றே. ஆதலின் எஞ்சினின் ஆயுளுக்கு முதற் காவலன் அதுவேயாகும்.

ஒயிற் கிண்ணம் உள்ள வடிகட்டியாயின், புழுதி வேலையின்போது நாள்தோறும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால், அல்லது ஒயில் தடித்திருந்தால், அதனைக் கொட்டி, கிண்ணத்தையும் கம்பி வலையையும் டீசலிற் கழுவி, நன்றாக உலர்த்தி, குறியிட்ட அளவுக்குப் புது ஒயில் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றுதல் கூடாது. மிகுதியான ஒயில் காற்றோடு இழுக்கப்பட்டுச் சிலிண்டரில் எரியும்; அப்போது டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காது வேகம் கொள்ளவும் கூடும்.

கடற்பஞ்சு போன்ற வடிகட்டியாயின், சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, சிறிது ஒயிலில் தோய்த்துப் பிழிந்து பூட்டுங்கள். காகித வடிகட்டியை நீரிலோ டீசலிலோ கழுவுதல் தவறு. மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். அடைபட்டாலோ கிழிந்தாலோ புதியதை இடவேண்டும்.

வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குழாயைப் பலர் கவனிப்பதில்லை. அதில் வெடிப்பு உண்டானால், வடிகட்டி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. புழுதி வெடிப்பின் வழியே நேராக உள்ளே செல்லும். வேலை தொடங்குமுன் அக்குழாயையும் அதன் பட்டிகளையும் கையால் தடவிப் பாருங்கள். வடிகட்டி இன்றி எஞ்சினை ஒரு மணி நேரமும் ஓட்டாதீர்கள்.

3. ஒயில்

ஒயிலுக்கு வேலை நான்கு உண்டு. உராய்வைக் குறைக்கும், சூட்டை எடுத்துச் செல்லும், அழுக்கைத் தன்னுள் ஏற்கும், துருவைத் தடுக்கும். அழுக்கை ஏற்பது அதன் வேலையாதலால், டீசல் எஞ்சினில் ஊற்றிய ஒயில் விரைவிலேயே கறுக்கும். கறுப்பு நிறம் மட்டும் கேட்டின் அடையாளமன்று. ஆயினும் அது ஏற்கக்கூடிய அழுக்குக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கண்ணால் அறிய இயலாது. ஓடிய மணிக்கணக்கினாலேயே அறிய வேண்டும்.

பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு, தொடக்க ஓட்டத்துக்குப் பின் முதன்முறையும், அதன்பின் ஏறத்தாழ 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஒயில் மாற்றவேண்டும். உங்கள் இயந்திரத்துக்குரிய சரியான கணக்கு அதனோடு தந்த கைந்நூலில் இருக்கும், அதனையே பின்பற்றுங்கள். "போகத்துக்கு ஒரு முறை மாற்றுகின்றோம்" என்று கூறுவோர் பலர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழுதால், 100 மணி நேரம் என்பது 12, 13 நாட்களில் முடிந்துவிடும். தம் வயலோடு கூலிக்கும் உழுபவர் ஒரு மாதத்திலேயே இருமுறை மாற்றவேண்டியவராகின்றார். உழவு இயந்திரத்துக்கு நாட்காட்டி கணக்கன்று. உழைத்த மணி நேரமே கணக்கு.

நாள்தோறும் காலையில், எஞ்சினைத் தொடக்குமுன், இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். மூன்று செய்திகளை அது கூறும். மட்டம் குறைந்திருந்தால் ஒயில் கசிகின்றது அல்லது எரிகின்றது. மட்டம் உயர்ந்து, ஒயில் நீர்த்து, எரிபொருளின் மணம் வீசினால், எரிபொருள் உள்ளே இறங்குகின்றது. பால் கலந்தாற் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. பின்னைய இரண்டிலும் எஞ்சினை ஓட்டாது, காரணத்தை நீக்கி, ஒயிலையும் மாற்றிய பின்னரே வேலை செய்யுங்கள்.

ஒயிலை எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடியுங்கள். அப்போதுதான் அடியிலுள்ள வண்டலும் சேர்ந்து இறங்கும். வடித்த ஒயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர்கள். அது நீரைக் கெடுக்கும். கொள்கலனிற் சேர்த்து, பழைய ஒயில் வாங்குவோரிடம் கொடுங்கள்.

4. குளிர்விக்கும் நீர்

இரு சில்லு உழவு இயந்திரங்களுட் சில, மேலே திறந்த நீர்த்தொட்டி உடையவை. அவற்றில் நீர் கொதித்து ஆவியாவது இயல்பே. அவ்வாவியே சூட்டை வெளியேற்றுகின்றது. ஆனால் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை தாழ்ந்தவுடன் நீர் ஊற்றவேண்டும். றேடியேற்றர் உள்ளவற்றில், சூடாயிருக்கும்போது மூடியைத் திறவாதீர்கள். கொதிநீர் முகத்திற் பாயும். றேடியேற்றர்த் தகடுகளின் இடையே வைக்கோலும் பதரும் அடைவதை வேலை முடிவில் நீக்கிவிடுங்கள்.

எந்நீரை ஊற்றுவது என்பது இம்மாவட்டத்திற் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர் கலந்தது. அது கொதித்து ஆவியாகும்போது நீர் போய்விடும். உப்பும் சுண்ணமும் உள்ளேயே தங்கும். கொதி கேத்தலின் அடியில் வெண்படை படிவது போலச் சிலிண்டரைச் சுற்றியும் படை படியும். அப்படை சூட்டை வெளியே போகவிடாது. வெளியே நீர் நிறைந்திருந்தும், உள்ளே பிஸ்டன் சூடேறி இறுகுவதற்கு இதுவே காரணம். வயலிலுள்ள சேற்று நீரை அள்ளி ஊற்றும் வழக்கமும் தீயது. அதன் வண்டல் நீர்வழிகளை அடைக்கும். மழைநீரையோ நல்ல குளத்து நீரையோ துணியில் வடித்து ஒரு கலனிற் கொண்டு செல்லுங்கள்.

நீர் வற்றி எஞ்சின் மிகச் சூடாகிவிட்டால், உடனே குளிர்நீர் ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும். சுமையை நீக்கி, எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

5. எரிபொருள்

டீசலைச் சிலிண்டரினுள் பீச்சும் பம்பியின் பகுதிகள், மில்லிமீற்றரில் ஆயிரத்திற் சில பங்கே இடைவெளி உடையவையாய்ப் பொருத்தப்பட்டுள்ளன. தலைமயிரின் தடிப்பிலும் இது பன்மடங்கு சிறிது. கண்ணுக்குத் தெரியாத துகளும் இங்கே கீறலை உண்டாக்கும்; ஒரு துளி நீரும் துருவை உண்டாக்கும்.

சீனன்குடாவில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த பாரிய எண்ணெய்த் தாங்கிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய பெருந்தாங்கியாயினும், உங்கள் வீட்டிலுள்ள இருபது லீற்றர்க் கலனாயினும் விதி ஒன்றே: நீர் டீசலிலும் கனமானது, ஆதலால் அடியில் தங்கும். கலனை ஓரிரவு அசையாது வைத்து, மேலுள்ளதை மட்டும் மெல்லிய வலை இட்ட புனல் வழியே ஊற்றுங்கள். அடியிலுள்ள சிறிதளவை விட்டுவிடுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரால் பனித்துளி படிந்து நீராகும். எரிபொருள் வடிகட்டியைக் கைந்நூல் கூறும் காலத்தில் மாற்றுங்கள். பீச்சுங் குழலை ஆராயும்போது அதன் வாய்க்கு நேரே கையை நீட்டாதீர்கள். அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

6. மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பி

தோட்டக்காரர் பலர் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பியையே உடையவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதனைத் திறந்தால், எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி, ரிங்குகளைக் கடந்து ஒயிலோடு கலக்கும். நீர்த்த ஒயில் எந்தப் பகுதியையும் காக்காது. ஆகையால்,

பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள்.

நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரிலுள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீரவிடுங்கள்.

பெற்றோலில் ஓடும் எஞ்சினிலும் இதில் ஒயிலை விரைந்து மாற்றுங்கள்.

பிளக்கிற் படியும் கரியைத் துடைத்து, இடைவெளியைக் கைந்நூற்படி சரிசெய்யுங்கள்.

நீரின்றிப் பம்பியை வெறிதே ஓட்டாதீர்கள். உள்ளேயுள்ள நீர்க்காப்பு எரிந்துவிடும். உறிஞ்சு குழாயின் அடியில் சல்லடை இருத்தல் வேண்டும். கிணற்று மணல் பம்பியின் சுழலியை அரிக்கும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதைக் கமக்காரர் மறந்திரார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அடைபட்ட வடிகட்டியும் கரி படிந்த பிளக்கும் உடைய எஞ்சின், அதே நீரை இறைக்க மிகுதியான எண்ணெயைக் குடிக்கும். விலை உயர்ந்த காலத்தில் அவ்விரயத்தைத் தாங்க எந்தத் தோட்டத்தாலும் இயலாது. பராமரிப்பினால் வரும் இலாபம் ஆண்டுகள் கழிந்து மட்டும் வருவதன்று. ஒவ்வொரு நாளும் வருவதாகும்.

7. வெள்ளமும் கடல்நீரும்

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரையோரங்களைத் தாக்கியபோது கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மகாவலி பெருகி, தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய காலங்களில் உயிரைக் காப்பதே முதற் கடமை. நீர் வடிந்தபின், மூழ்கிய எஞ்சினைக் காப்பாற்ற வழி உண்டு. கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

மூழ்கிய எஞ்சினை ஓடுகின்றதா என்று பார்க்கத் தொடக்குவதே பெருந்தவறு. காற்றைப் போல நீர் அமுங்காது. சிலிண்டரில் நீர் நிற்கையில் பிஸ்டன் அதனை மோதினால், அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலிற் பீச்சுங் குழலை, அல்லது பிளக்கைக் கழற்றுங்கள். ஒயில், எரிபொருள் இரண்டையும் முற்றாக வடியுங்கள். கையால் மெதுவாகச் சுழற்றி உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுங்கள். புகுந்தது கடல்நீராயின், அது காய்வதற்குள் நன்னீர் கொண்டு கழுவுதல் இன்றியமையாதது. உப்புக் காய்ந்தபின் துரு நிற்பதில்லை. கடலோடிகள் தம் படகு எஞ்சினை நன்னீரிற் கழுவும் வழக்கத்துக்கும் காரணம் இதுவே. பின்னர் உலர்த்தி, சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டுச் சுழற்றி, புது ஒயிலும் தூய எரிபொருளும் ஊற்றிச் சிறிது நேரம் சுமையின்றி ஓட்டி, அவ்வொயிலையும் வடித்து மீண்டும் புதியதை ஊற்றுங்கள். பல்லுச்சக்கரப் பெட்டியின் ஒயிலையும் மாற்றுதல் வேண்டும். ஐயமிருந்தால் திருத்துநரிடம் காட்டிய பின்னரே தொடக்குங்கள்.

8. போகம் முடிந்தபின்

வேலை முடிந்த இயந்திரத்தைச் சேற்றோடு கொட்டிலில் தள்ளிவிடுவோர், அடுத்த போகத்தில் அதன் பலனை அறுப்பர். கழுவி, உலர்த்தி, கிறீஸ் இடவேண்டிய இடங்களில் கிறீஸ் இடுங்கள். ஒயிலை நிறுத்தி வைக்குமுன் மாற்றுங்கள். பழைய ஒயிலிலுள்ள அமிலம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் உலோகத்தை அரிக்கும். டீசல் தாங்கியை நிரப்பியும், பெற்றோல், மண்ணெண்ணெய்த் தாங்கிகளையும் காபரேற்றரையும் வடித்தும் வையுங்கள். நீர்த்தொட்டியை வெறுமையாக்குங்கள். கையால் சுழற்றி, அழுத்தம் தடுக்கும் நிலையில் நிறுத்துங்கள். அப்போது வால்வுகள் மூடியிருக்க, ஈரக்காற்று உட்புகாது. புகைக்குழாயின் வாயை மூடுங்கள். எலி கூடு கட்டுவது அங்கேதான்.

9. எஞ்சின் பேசும் மொழி

கரும்புகை மிகுந்தால், சுமை கூடியது அல்லது காற்று வடிகட்டி அடைபட்டது. நீலப்புகை எழுந்தால், ஒயில் எரிகின்றது; ரிங்குகள் தேய்ந்துள்ளன. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடின், எரிபொருள் சரிவர எரியவில்லை அல்லது நீர் புகுந்துள்ளது. புதிய தட்டொலி கேட்டால், அன்றே நிறுத்திக் காரணம் தேடுங்கள். நடுக்கம் மிகுந்தால், சுரையாணிகளை இறுக்கிப் பாருங்கள்.

10. ஒரு குறிப்பேடு

பத்து ரூபாத் திருத்தம் பதினாயிரம் ரூபாத் திருத்தமாக வளர்வது பெரும்பாலும் மறதியினால். ஒரு பள்ளிக் கொப்பியைக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். நாள், ஓடிய மணி, ஒயில் மாற்றிய நாள், வடிகட்டி கழுவிய நாள், இட்ட உதிரிப்பாகம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். இயந்திரத்தை ஓட்டுபவர் வேறு, சொந்தக்காரர் வேறு ஆயின், இக்கொப்பி இருவருக்கும் நடுவர். இயந்திரத்தை விற்கும் நாளிலும், ஒழுங்காய் எழுதிய கொப்பி நல்ல விலை பெற்றுத் தரும்.

ஒரு முறை ஒயில் மாற்றத் தேவைப்படுவது சில லீற்றர் ஒயில் மட்டுமே. சிலிண்டர், பிஸ்டன், ரிங்கு, சுழற்சித் தண்டு ஆகியவற்றை மாற்றுவதற்கோ ஒரு போகத்தின் இலாபமே போதாது போகலாம். அதனோடு விதைப்பு நாட்களும் கைநழுவும். வேலை மிகுந்த நாளில் இயந்திரத்தைப் பழுதுபார்க்க நேரமில்லை என்பர். பேணாத இயந்திரம் நிற்பதும் அத்தகைய நாளிலேதான்.

எனவே, அடுத்த உழவு தொடங்குமுன், இன்றே உங்கள் எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அளவுக்கம்பியைத் துடைத்துப் பாருங்கள். ஐயம் எழுமாயின் அண்மையிலுள்ள கமநல சேவைகள் நிலையத்தையோ, உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரையோ அணுகுங்கள். மாடு கட்டி உழுத காலத்தில், உழுத மாட்டுக்குத் தவிடும் நீரும் வைக்காது எந்தக் கமக்காரரும் உறங்கச் சென்றதில்லை. இயந்திரத்துக்கும் அக்கவனத்தையே காட்டுங்கள். அஃது உங்கள் வயலில் நெடுங்காலம் உழைக்கும்.